பட்டப்பகலில் துடிக்கும் விளக்கு

1970களின் நடுவில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் மோட்டார்சைக்கிள் விபத்து நடந்தால், போலீஸுக்கும் ஆம்புலன்ஸுக்கும் பின்னால் இன்னொரு கூட்டமும் வந்து இறங்கும். தெற்கு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள். டயர் தேய்த்த தடத்தை அளப்பார்கள், நசுங்கிய வண்டியைப் படம் எடுப்பார்கள், ஹெல்மெட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள், மோதியவரையும் மோதப்பட்டவரையும் விசாரிப்பார்கள். பிறகொரு நாள் அதே இடத்துக்கு அதே நேரத்தில் திரும்பி வந்து, எந்த விபத்தும் இல்லாமல் கடந்து போகிற பைக்காரர்களிடம் பேச்சுக் கொடுப்பார்கள். விழுந்தவருக்கும் விழாதவருக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிய வேண்டுமே!

இந்தக் குழுவின் தலைவர் ஹாரி ஹர்ட் என்ற பொறியாளர். செலவு அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துடையது. 1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டுகளில் சுமார் 900 விபத்துகளை நேரில் ஆராய்ந்தார்கள். 3,600 போலீஸ் அறிக்கைகளைப் படித்தார்கள். 1981 ஜனவரியில் அறிக்கை வெளிவந்தது. ‘ஹர்ட் ரிப்போர்ட்’ என்று பைக் உலகம் இன்றும் அதைத்தான் சொல்கிறது. சில பைக்குகளின் ஹெட்லைட் பகலிலேயே கூடிக்குறைந்து துடிக்கவேண்டிய அவசியம் என்ன என்பதற்கான பதில் அந்த அறிக்கைக்குள் இருக்கிறது.

ஆராய்ந்த விபத்துகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று, பைக்கும் வேறொரு வண்டியும் மோதியவை. அந்த வேறொரு வண்டி பெரும்பாலும் கார். அப்படிப்பட்ட மோதல்களில் மூன்றில் இரண்டில், பைக்குக்கு விடவேண்டிய வழியை விடாமல் குறுக்கே வந்தது கார்தான். அடிக்கடி நடந்தது இது: எதிரே வரும் கார் இடப்பக்கம் திரும்பும். அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், இடப்பக்கம் திரும்பும் கார் எதிர்த்தடத்தை அறுத்துக்கொண்டு போகவேண்டும். நம் ஊரில் வலப்பக்கம் திரும்புவதற்குச் சமம். அந்த நேரம் பார்த்து பைக் வரும். பைக்கைப் பார்க்கவே இல்லை, அல்லது பார்த்தபோது நேரம் கடந்துவிட்டது என்பார் கார்க்காரர்.

மழையும் பனியும் இதற்குக் காரணமில்லை. 98 சதவீத விபத்துகளில் வானிலைக்குப் பங்கே இல்லை. வேகமும் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை: விபத்துக்கு முந்தைய நடுத்தர வேகம் மணிக்கு 48 கிலோமீட்டர்தான். ஆபத்து தெரிந்த கணத்திலிருந்து மோதும் கணம்வரை பைக் ஓட்டுபவருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு நொடிக்கும் குறைவு. முக்கால்வாசிக்கும் மேற்பட்ட ஆபத்துகள் அவருடைய நேர்முன்னே, இரு பக்கமும் 45 டிகிரிக்குள் இருந்து வந்தவை. ஆகவே கார்க்காரர் கண்ணில் படவேண்டியது பைக்கின் முகம். அந்த முகத்தில் இருப்பது ஒரு ஹெட்லைட்.

பைக்கை ஏன் கண் தவறவிடுகிறது? முதல் காரணம் அளவு. எதிரே வருகிற ஒன்றின் வேகத்தை, அதன் உருவம் கண்ணுக்குள் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை வைத்து நாம் கணிக்கிறோம். காரின் முகப்பு அகலமானது. அதன் இரண்டு விளக்குகளும் விலகிக்கொண்டே வருவதிலேயே நெருக்கம் புரிந்துவிடும். பைக்கோ ஒடுக்கமானது. தூரத்தில் அதன் உருவம் வளர்வதே தெரியாது. வெகு அருகில் வந்த பிறகுதான் சட்டென்று பெரிதாகும். பார்த்த கார்க்காரரும் ‘தூரத்தில்தான் இருக்கிறது, போய்விடலாம்’ என்று தப்புக்கணக்குப் போடுவது இதனால்தான்.

இரண்டாவது காரணம் கண்ணைத் தாண்டி மூளையில் இருக்கிறது. எதை எதிர்பார்க்கிறோமோ அதைத்தான் எளிதில் கவனிக்கிறோம். ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாலைக் காட்சிகளின் படங்களைக் காட்டி, இது பாதுகாப்பான நிலையா என்று கேட்டார்கள். கடைசிப் படத்தில் எதிர்பாராத ஒரு பைக்கையோ டாக்ஸியையோ சேர்த்திருந்தார்கள். டாக்ஸியைத் தவறவிட்டவர்கள் 31 சதவீதம். பைக்கைத் தவறவிட்டவர்கள் 65 சதவீதம். இந்த ஆய்வு வெளியானது 2018இல். ஹர்ட் குழு தெருவில் கண்டதை நாற்பது ஆண்டுக்குப் பிறகு ஆய்வுக்கூடமும் கண்டது.

மருந்து எளிமையாகத் தோன்றியது: பகலிலும் விளக்கு எரியட்டும். ஹர்ட் அறிக்கை வரும்வரைகூடக் கலிஃபோர்னியா காத்திருக்கவில்லை. 1978 ஜனவரி 1 முதல் தயாராகி அங்கே பதிவாகும் ஒவ்வொரு பைக்கிலும், எஞ்சின் உயிர்பெற்றால் ஹெட்லைட்டும் தானாக எரியவேண்டும் என்று சட்டம் வந்தது.

அதே காலத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பால் ஆல்சனும் சகாக்களும் இன்னும் கூர்மையான கேள்வியைக் கையில் எடுத்தார்கள். பைக் தெரிகிறதா என்று ஓட்டுநரிடம் கேட்டால் தெரிகிறது என்றுதான் சொல்வார். அவர் என்ன செய்கிறார் என்று பார்க்கவேண்டும். ஆகவே உண்மையான சாலையில், உண்மையான போக்குவரத்துக்கு நடுவே சோதனை பைக்கை ஓட்டினார்கள். பைக்குக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டு, திரும்பக் காத்திருக்கும் கார் அந்த இடைவெளியில் புகுகிறதா, பொறுத்திருக்கிறதா என்று கணக்கெடுத்தார்கள். விளக்கில்லாமல், விளக்கோடு, பளிச்சென்ற ஒளிரும் சட்டையோடு, கூட்டிக்குறைத்துத் துடிக்கும் ஹெட்லைட்டோடு என்று மாற்றி மாற்றி ஓட்டினார்கள். எந்த ஒப்பனையும் இல்லாத பைக்கோடு ஒப்பிட்டால், எரியும் விளக்கும் துடிக்கும் விளக்கும் ஒளிரும் சட்டையும் பலன் தந்தன. குறுகிய இடைவெளியில் புகும் துணிச்சல் குறைந்தது. 1981இல் இது ஆய்விதழில் வெளியானது.

துடிக்கும் விளக்கு என்ற யோசனைக்கு வயது அதற்கும் அதிகம். 1930களிலேயே அமெரிக்க ரயில் எஞ்சின்களின் நெற்றியில் அலைந்தாடும் விளக்குகளைப் பொருத்தத் தொடங்கியிருந்தார்கள். லெவல் கிராசிங்கில் தண்டவாளத்தைக் கடக்க நினைப்பவர், வருவது ரயில் என்பதைத் தூரத்திலேயே உணரவேண்டும் என்பதற்காக. ஒளி நகர்ந்தால் கண் திரும்பும்; ஓரப்பார்வைக்கு அசைவும் மினுக்கமும்தான் முதலில் எட்டும். ரயிலில் இதற்கென மோட்டாரும் கண்ணாடியும் வைக்கலாம். பைக்கில் இடமில்லை. அங்கே மின்னணுவியல்தான் கைகொடுத்தது.

ஹெட்லைட் மாடுலேட்டர் என்பது உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பெட்டி. பல்புக்குப் போகும் மின்சாரத்தின் பாதையில் அமர்ந்துகொண்டு, டிரான்ஸிஸ்டர் சுவிட்ச் ஒன்றால் அதை நொடிக்கு நான்கு முறை குறைத்துக் கூட்டும். பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: மின்சாரம் குறைந்த கணமே அணைந்துவிடாது, சூடு ஆறக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதனால் வெளிச்சம் வெட்டிவெட்டி எரியாமல் ஏறி இறங்கித் துடிக்கும். இழையே இல்லாமல் வாயுவுக்குள் மின்வில்லால் எரியும் எச்.ஐ.டி. விளக்குகளுக்கு இந்தப் பெட்டி ஆகாது. அவை சூடேறி முழு வெளிச்சம் தரவே நேரமாகும்.

பெட்டி செய்வது சுலபம். கட்டுப்பாடில்லாமல் விட்டால் ஆளாளுக்கு ஒரு வேகத்தில் மின்னுவார்கள், ஆம்புலன்ஸ் எது பைக் எது என்று புரியாமல் போகும். ஆகவே அமெரிக்காவின் வாகன விளக்குத் தரவிதி எண் 108 இதற்கு ஒரு ஜாதகமே எழுதியது. நிமிடத்துக்கு 240 துடிப்பு, கூடினாலும் குறைந்தாலும் 40க்குள். ஒவ்வொரு துடிப்பிலும் 50 முதல் 70 சதவீத நேரம் விளக்கு முழுச் சக்தியில் எரியவேண்டும். மங்கும்போதும் உச்ச வெளிச்சத்தில் 17 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, துடிக்கலாம், அணையக்கூடாது. ஹை பீம், லோ பீம் இரண்டில் ஒன்றுதான் துடிக்கலாம். பெட்டி பழுதானாலும் இரண்டு பீமும் வழக்கம்போல எரியவேண்டும். பாதுகாப்புக்கு மாட்டிய கருவியால் நடுவழியில் விளக்கே போய்விட்டால் என்ன செய்வது?

எல்லாவற்றையும்விட அழகான விதி இருட்டைப் பற்றியது. பெட்டியோடு ஒரு ஒளி உணரியும் இருந்தாகவேண்டும். மேல் நோக்கிய உணரியில் வெளிச்சம் 270 லக்ஸுக்குக் கீழே இறங்கினால் துடிப்பு தானாக நின்று, விளக்கு சாதாரணமாக எரியவேண்டும். மேகமூட்டமான பகலில்கூட வெளியே ஆயிரம் லக்ஸுக்கு மேல் இருக்கும்; 270 என்றால் அந்தி சாய்ந்துவிட்டது என்று பொருள். இருட்டில் துடிக்கும் ஹை பீம் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும், ஓட்டுபவருக்கும் சாலை ஒழுங்காகத் தெரியாது. ஆக, இது பகலுக்கென்றே பிறந்த விளக்கு. மத்திய அரசின் தரவிதி அனுமதித்துவிட்டதால் மாநிலங்களால் தடுக்க முடியாது. ஆனால் தெருவில் நிறுத்தும் போலீஸ்காரருக்கு 108ஆம் விதி மனப்பாடமாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா? விதியின் நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் அமெரிக்க பைக்காரர்களிடம் வந்தது அப்படித்தான்.

எதிர்ப்பு போலீஸிடமிருந்து மட்டும் வரவில்லை. ஹெட்லைட்டை மினுக்கினால் என்ன பொருள்? நம் நெடுஞ்சாலையில் எதிரே வரும் லாரி லைட் அடித்தால், ‘நான் வருகிறேன், நீ நில்’ என்று குழந்தைக்கும் தெரியும். பிரிட்டனிலோ பலருக்கு அதே மினுக்கல் ‘நீங்கள் போங்கள்’ என்கிற மரியாதை. அமெரிக்காவிலும் அப்படிப் புரிந்துகொள்பவர்கள் உண்டு. வழிவிடுகிறார் என்று நம்பி எதிர்க்கார் திரும்பிவிட்டால், காப்பாற்ற வந்த விளக்கே விபத்தை வரவழைத்ததாகிவிடும். நொடிக்கு நான்கு என்ற சீரான, நிற்காத துடிப்பைக் கையால் மினுக்கும் ஓரிரு மினுக்கலோடு குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்பது ஆதரவாளர்களின் பதில். பெரும்பாலும் சரிதான். ஆனால் ஓட்டுநர் பார்ப்பது அரைநொடிப் பார்வை என்றால், இரண்டு துடிப்புக்கு மேல் அவர் கண்ணில் படாது.

பைக்காரர்கள் வாதாடும்போது இழுத்துவரும் போர்க்காலக் கதை ஒன்றும் உண்டு. 1943இல் தொடங்கிய ‘யெஹூதி’ என்ற ரகசியத் திட்டத்தில் அமெரிக்கக் கடற்படை அவெஞ்சர் ரகப் போர் விமானத்தின் முன்விளிம்பில் விளக்குகளைப் பொருத்தியது. நோக்கம் விமானத்தை மறைப்பது! பிரகாசமான வானத்தின் முன்னால் விமானம் கரும்புள்ளியாகத் தெரியும். அதன் முகத்தில் வானத்துக்குச் சமமான ஒளியை ஏற்றினால் புள்ளி வானத்தோடு கரைந்துவிடும். சாதாரணமாக 19 கிலோமீட்டர் தூரத்திலேயே கண்ணில் படும் விமானம், விளக்குகளோடு மூன்று கிலோமீட்டருக்கும் அருகே வந்த பிறகுதான் தென்பட்டது. அப்படியானால் பைக்கின் விளக்கும் அதன் உருவத்தை வானத்தில் கரைத்துவிடாதா? பைக் பெரும்பாலும் வானத்தின் முன்னால் ஓடுவதில்லை. கட்டடம், மரம், தார்ச்சாலை ஆகியவற்றின் முன்னால் ஓடுகிறது. யெஹூதி விளக்கு பின்னணிக்குச் சமமான அளவில் நிலையாக எரிந்தது. மாடுலேட்டரோ ஒரே அளவில் நிற்பதே இல்லை. வாதம் இங்கே தோற்கிறது. ஆனாலும் அது ஓர் உண்மையைத் தொட்டுவிட்டுப் போகிறது: கண்ணை இழுப்பது வெளிச்சத்தின் அளவு மட்டுமில்லை. சுற்றியிருப்பதிலிருந்து அது எவ்வளவு வேறுபடுகிறது என்பதே.

இந்த உண்மைதான் அடுத்த அத்தியாயத்தில் பைக்காரர்களைத் துரத்தியது. 1977இல் சுவீடன் எல்லா வாகனங்களுக்கும் பகல் விளக்கைக் கட்டாயமாக்கியது. கனடா பின்தொடர்ந்தது. 2011 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கார் மாடல்களில் பகல் விளக்கு கட்டாயமானது. கார்களுக்கு நல்லது. ஆனால் பகலில் எரிகிறது என்றால் அது பைக் என்றிருந்த தனி அடையாளம் பைக்கிடமிருந்து பறிபோனது. எல்லோரும் எரியும் சாலையில் இன்னுமொரு எரியும் விளக்கு எதைச் சொல்லும்? மாடுலேட்டருக்கு ஆதரவு கூடியதன் பின்னணி இதுதான்: நிலையான விளக்குகளின் கூட்டத்தில் துடிப்பது தனித்து நிற்கும்.

ஆசியா வேறு பாதையில் போனது. பைக்குகள் நிறைந்த மலேசியா 1992இல் பகலிலும் பைக் ஹெட்லைட் எரியவேண்டும் என்று விதித்தது. சிரம்பான், ஷா ஆலம் பகுதிகளில் செய்த ஆய்வில், கண்ணில் படாததால் நேரும் பைக் விபத்துகள் சுமார் 29 சதவீதம் குறைந்தன. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் விளக்கு தானாக எரிகிறது. அணைக்கும் சுவிட்சே இல்லை. ஆரம்பத்தில் எதிரே வருபவரெல்லாம் விரல்களைக் குவித்து விரித்து ‘லைட் எரியுது!’ என்று சைகை காட்டினார்கள். யாரோ மறந்துவிட்டார் என்ற அக்கறை அது. அப்போது அந்த விளக்கு வேலை செய்துகொண்டிருந்தது, கவனித்ததால்தானே கை தூக்கினார்கள்! இப்போது யாரும் கை தூக்குவதில்லை. நம் தெருக்களில் பாதிக்கும் மேல் இருசக்கர வண்டிகள். எல்லாம் எரிகின்றன, கண் பழகிவிட்டது. இவையெல்லாம் துடிக்கவும் தொடங்கினால், சிக்னலில் நிற்கும் நாற்பது வண்டிகள் நாற்பது தாளத்தில் மினுங்கும். எதையும் எதிலிருந்தும் பிரித்தறிய முடியாது. சிலரிடம் இருக்கும்வரைதான் இது எச்சரிக்கை. எல்லோரிடமும் வந்துவிட்டால் அலங்காரம்.

ஹர்ட் அறிக்கை கார்க்காரரின் கண்ணைப் பற்றி மட்டும் பேசவில்லை. விபத்தில் சிக்கிய பைக்காரர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ வீட்டார், நண்பர்கள் சொல்லியோ ஓட்டக் கற்றவர்கள் என்றது. நெருக்கடியில் பின்பிரேக்கை மிதித்துச் சறுக்கினார்கள், முன்பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை என்றும் எழுதியது. அறிக்கையின் முதல் பாதியைப் பெட்டியில் அடைத்து விற்க முடிந்தது. இரண்டாம் பாதிக்குப் பெட்டி கிடையாது. காலி மைதானத்தில் முன்பிரேக்கை எவ்வளவு அழுத்தலாம் என்று பழகித்தான் ஆகவேண்டும். விளக்கு, நிலையாக எரிந்தாலும் துடித்தாலும், எதிரே வருபவருக்கு நாம் வைக்கும் வேண்டுகோள். அதை அவர் ஏற்கவில்லை என்று தெரியும் நேரத்தில் மீதம் இருப்பது அந்த இரண்டு நொடிக்கும் குறைவான அவகாசம்தான்; அதில் செய்யவேண்டியது முழுக்க நம் கையில் இருக்கிறது.