கெமாஸ் வட்டாரத்தில் டுரியான் நடுவோர் எந்த இரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம்?

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர், கிடைத்த பணத்தில் வாங்கிய சிறு நிலத்திலோ வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி இடத்திலோ நான்கு டுரியான் கன்றாவது நட்டுவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். சந்தையில் எந்தப் பழத்துக்கு விலை அதிகமோ அந்தக் கன்றையே வாங்கி நடுவதுதான் பொதுவான வழக்கம். ஒட்டுக்கன்று காய்க்கவே ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். தேர்வு தவறானது என்பது அதற்குப் பிறகுதான் தெரியவரும். அறுபது வயதில் நடுபவருக்கு இன்னொரு முறை தொடங்க நேரம் இருக்காது. ஆகவே விலையைப் பார்க்கும் முன் ஊரின் வானிலையையும் மண்ணையும் பார்ப்பது நல்லது.

வறட்சி வேண்டும், அளவோடு

ஒவ்வொரு பழமரத்துக்கும் பூக்க ஒரு தூண்டுதல் தேவை. குளிர்நாட்டுப் பேரிக்காய் மரம் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் கடுங்குளிரில் இருந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். அங்குள்ள விவசாயிகள் தங்கள் ஊரின் குளிருக்கு ஏற்ற இரகத்தையே தேடுகிறார்கள். டுரியானுக்கு வேண்டியது குளிரல்ல, வறட்சி. ஒன்று அல்லது இரண்டு வாரம் தொடர்ந்து மழை இல்லாமல் இருந்தால் கிளைகளில் மொட்டு தெரியத் தொடங்கும்.

இந்த வகையில் கெமாஸுக்கு ஒரு சாதகம் உண்டு. தீபகற்பத்தில் மழை குறைந்த பகுதிகளில் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் உட்பகுதியும் ஒன்று. ஆண்டின் தொடக்கத்தில் வரும் வெயில் மரத்தைப் பூக்க வைக்கும். பூத்து ஏறக்குறைய மூன்றரை மாதத்தில் பழம் விழும். எல்லையைத் தாண்டினால் வரும் ஜொகூரின் சிகாமட் வட்டாரம் டுரியானுக்குப் பெயர் பெற்றிருக்கிறது.

ஆனால், அதே வெயில் இளங்கன்றைக் கொன்றுவிடும். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு நிழலும் தண்ணீரும் கட்டாயம் தேவை. காய்ந்த செம்பனை மட்டைகளை வேர்ப்பகுதியைச் சுற்றிப் பரப்பினால் ஈரம் நிற்கும். மட்டைகள் தண்டைத் தொடாமல் சற்றுத் தள்ளி இருக்க வேண்டும். தண்ணீர் வசதி இல்லாத நிலம் என்றால், கன்று வாங்கும் முன் அதற்கு வழி செய்துகொள்வதே முதல் வேலை.

‘டி’ எண் சொல்வது என்ன?

டி24, டி197 போன்றவை விவசாய இலாகாவின் பதிவு எண்கள். 1934ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் இப்பதிவில் 200க்கும் மேற்பட்ட இரகங்கள் உள்ளன. வீட்டுத் தோட்டக்காரர்கள் அதிகம் கேட்பவை இவை:

டி24: பேராக் மாநிலத்திலிருந்து வந்து 1937இல் பதிவான பழைய இரகம். தடித்த சதை, இனிப்போடு இலேசான கசப்பு. நல்ல விளைச்சல் தரும். தண்டு அழுகல் நோய்க்கு எளிதில் ஆட்படுவதே இதன் பெரிய குறை.

டி197: மூசாங் கிங், ராஜா குன்யிட் என்ற பெயர்களில் அறியப்படுவது. கிளந்தான் தானா மேராவைப் பூர்வீகமாகக் கொண்டது, 1993இல் பதிவானது. மஞ்சள் நிறச் சதை, சிறிய கொட்டை, உயர்ந்த விலை. பராமரிப்பும் அதற்கேற்ப அதிகம். தண்ணீர் தேங்கும் இடத்தில் நட்டால் இதையும் தண்டு அழுகல் தாக்கும்.

டி190: மார்டி ஆராய்ச்சிக் கழகம் டி24, டி10 ஆகிய இரண்டையும் கலந்து உருவாக்கியது. எம்டியூஆர் 88 என்பது இதன் மற்றொரு பெயர். தண்டு அழுகலை ஓரளவு தாங்கும். சந்தையில் மூசாங் கிங் அளவுக்குப் பெயர் இல்லாவிட்டாலும், வீட்டுத் தேவைக்கும் உள்ளூர் விற்பனைக்கும் நம்பகமானது.

டி99: கோப் கெச்சில் எனப்படும் இரகம். பழம் சிறியது. மற்ற இரகங்களுக்கு மகரந்தம் கொடுக்கும் துணை மரமாகப் பலர் இதை நடுகிறார்கள்.

டி200: டூரி ஹித்தாம். பினாங்கிலிருந்து வந்து 2015இல் பதிவானது. விலை அதிகம், பராமரிப்பில் அனுபவம் உள்ளவர்களுக்கே ஏற்றது.

ஒரே இரகம் போதாது

பலர் செய்யும் தவறு, எல்லாக் கன்றுகளையும் மூசாங் கிங்காகவே நடுவது. பெரும்பாலான டுரியான் இரகங்கள் தம் சொந்த மகரந்தத்தால் சரியாகக் காய் பிடிப்பதில்லை. ஒரே இரகத்தைச் சேர்ந்த மரங்கள் எத்தனை இருந்தாலும் அவை ஒட்டு வழியில் ஒரே மரத்தின் பிள்ளைகள்தான். பூ நிறைய விட்டும் பிஞ்சு உதிர்வதற்கும், காய் கோணலாக வளர்வதற்கும் இது ஒரு காரணம்.

டுரியான் பூ மாலையில் விரிந்து விடிவதற்குள் உதிர்ந்துவிடும். அந்த ஒரே இரவில் மகரந்தத்தைச் சுமந்து செல்லும் முக்கிய உயிரினம் தேன் உண்ணும் வௌவால். பத்துமலைக் குகைகளில் வாழும் இவ்வகை வௌவால்கள் பல கிலோமீட்டர் பறந்து டுரியான் பூக்களைத் தேடிச் செல்வது ஆய்வுகளில் தெரிய வந்துள்ளது. பழம் தின்ன வருகிறது என்று நினைத்து வௌவாலை விரட்டுபவர் தம் விளைச்சலையே விரட்டுகிறார்.

எனவே இரண்டு மரத்துக்கு மட்டும் இடம் இருந்தால், இரண்டு வெவ்வேறு இரகங்களாக நட வேண்டும். டி197 ஒன்று, டி24 அல்லது டி99 ஒன்று என்பது பொருத்தமான இணை. பக்கத்துக் கம்பத்தில் கொட்டையிலிருந்து முளைத்த நாட்டு டுரியான் மரம் இருந்தால் அதுவும் துணை செய்யும். மரத்துக்கு மரம் சுமார் 10 மீட்டர் இடைவெளி தேவை. அந்தக் கணக்கில் ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 40 மரங்கள்தான் நிற்கும்.

கன்று வாங்கும்போது

இலையை மட்டும் பார்த்து இரகத்தை உறுதி செய்வது அனுபவசாலிகளுக்கே சிரமம். சாலையோரக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கன்று உண்மையில் எது என்பது முதல் பழம் விழும்போதுதான் தெரியும். விவசாய இலாகாவின் நடவுப் பொருள் சான்றளிப்புத் திட்டத்தில் இடம்பெற்ற நாற்றுப்பண்ணையில் வாங்குவது பாதுகாப்பானது. ஒட்டுப் போட்ட இடம் நன்றாக ஒட்டியிருக்கிறதா, வேர் பைக்குள் சுருண்டு கிடக்கிறதா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். ரசீதைப் பத்திரப்படுத்துவது நல்லது.

நடும் இடம் தண்ணீர் வடியும் மேட்டு நிலமாக இருக்கட்டும். தாழ்வான இடம் என்றால் மண்ணைக் குவித்து மேடாக்கி அதன் மேல் நடலாம். தண்டு அழுகலைத் தடுக்கும் எளிய வழி இதுதான்.

நிலம் யாருடையது?

இரகத்தைவிட முக்கியமான கேள்வி இது. தோட்டக் குடியிருப்பு வீட்டைச் சுற்றியுள்ள மண் நிர்வாகத்துக்குச் சொந்தமானது. வீட்டைக் காலி செய்யும் நாளில் மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பகாங், ரவுப்பில் அரசு நிலத்தில் அனுமதியின்றி வளர்க்கப்பட்ட மூசாங் கிங் மரங்கள் 2025 ஏப்ரலில் வெட்டப்பட்டன. ஆண்டுக்கணக்கில் உழைத்து வளர்த்த மரங்கள் அவை. கையில் கிராண்ட் உள்ள நிலத்திலோ, எழுத்துப்பூர்வ அனுமதி உள்ள நிலத்திலோ மட்டுமே நீண்டகால மரங்களை நட வேண்டும். அது இல்லாதவர்கள் ஓராண்டுக்குள் பலன் தரும் பப்பாளி, வாழை போன்றவற்றோடு நிற்பது நட்டத்தைத் தவிர்க்கும்.

கெமாஸ், தம்பின் மாவட்டத்தைச் சேர்ந்தது. நிலத்தின் மண், தண்ணீர் வசதி, சான்று பெற்ற நாற்றுப்பண்ணைகள் ஆகியவை பற்றி மாவட்ட விவசாய இலாகா அலுவலகத்தில் கேட்டு அறியலாம். மழை நன்றாகப் பிடிக்கும் ஆண்டின் இறுதி மாதங்களில் நட்டாலும், அடுத்து வரும் வெயிலுக்கு நிழலும் தண்ணீரும் தயாராக இருக்க வேண்டும்.