தண்டவாளம் ஈன்ற ஊர்

ஆறும் கோயிலும் கோட்டையும் ஊர்களை உண்டாக்கின என்பது பழைய வரலாறு. சென்ற இரண்டு நூற்றாண்டுகளில் இருப்புப்பாதையும் அவ்வேலையைச் செய்தது. அமெரிக்கப் புல்வெளியில் புகைவண்டிக் கம்பெனிகள் நிலையங்களை முதலில் நாட்டின. நகர்கள் பின்னர் எழுந்தன. அங்கே கோதுமை ஆற்றிய பணியை ஜொகூர் மாநிலத்தில் ரப்பர் ஆற்றியது. குளுவாங்குக்கும் லாயாங் லாயாங்குக்கும் இடையே அமைந்த ரெங்கம் இதற்குத் தக்க சான்றாகும்.

கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரை ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை, சுல்தான் இப்ராகிம் ஆட்சியில் 1909 ஜூலை 1-ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதுகாறும் மாநிலத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் அடர்காடு. பாதை வந்ததும் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் வழி வந்த தமிழர் காட்டை அழித்துப் பால்மரம் நட்டனர். ரப்பர் தெற்கே சென்றது. அரிசி உள்ளே வந்தது. 1923-இல் ஜொகூர்ப் பாலத்தின்மீது சரக்கு வண்டிகள் ஓடத் தொடங்கியதும், சிங்கப்பூர்த் துறைமுகம் மேலும் அணுகியது.

வாழ்வு கொணர்ந்த பாதையிலேயே போரும் வந்தது. 1942 ஜனவரி 28-இல், ரெங்கத்துக்குத் தெற்கே லாயாங் லாயாங் அருகில், தண்டவாளம் வழியே நடந்து சென்ற தளபதி பார்ஸ்டோ கொல்லப்பட்டார். பாதையருகே துண்டிக்கப்பட்டுப் போன 22-ஆவது இந்தியப் படைப்பிரிவு சில நாள் காட்டில் அலைந்து சரணடைந்தது. அதன்பின் மலாயாத் தோட்டங்களினின்று பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மாப் பாதை வேலைக்குப் புகைவண்டியில் கொண்டு செல்லப்பட்டனர். மீண்டு வராதவர் மிகப்பலர்.

பாதை ஆக்கிய ஊரைப் பாதையே பின்தள்ளவும் கூடும். 'சிம்பாங்' என்னும் மலாய்ச் சொல் கிளைவழிச் சந்தியைக் குறிக்கும். ரெங்கத்துக்குச் சாலை பிரியும் இடமே சிம்பாங் ரெங்கம். போக்குவரத்து தண்டவாளத்தை விட்டுச் சாலைக்கு மாறவே, சந்தி வளர்ந்தது. இன்று நாடாளுமன்றத் தொகுதிக்கும் நெடுஞ்சாலை வாயிலுக்கும் பெயர் தந்து நிற்பது அச்சந்தியே. 2025 டிசம்பரில் இரட்டைப் பாதையில் மின்தொடர் வண்டி ஜொகூர் பாருவரை ஓடத் தொடங்கியது. விரைவு கூடியது, ஆயின் விரைந்தோடும் வண்டி சிற்றூர்தோறும் நிற்பதில்லை.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, செம்பனைக்கு மாறின, லயங்கள் வெறிச்சோடின. துரைமார் பெயர் கம்பெனிக் கணக்கில் இருக்கும். படைத்தலைவர் பெயர் போர்நூலில் இருக்கும். காடழித்த தமிழன் பெயரை எங்கே தேடுவது? தோட்டப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் தேடலாம். தந்தை பெயரும் தொழிலும் சேர்ந்த நாளும் எழுதிய அவ்வேடுகளே நம் கல்வெட்டுகள். பள்ளி இடம் மாறும்பொழுது அவை குப்பைக்குப் போகாமல் காப்பது ஆசிரியர் கடன்.