பையன் பேர் என்னம்மா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போன் செய்தாள். கணவரை இழந்து ஏழு மாதம் ஆகிறது. தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை. "ஜெபம் பத்தலைன்னு சொல்றாங்க சார். எனக்கு விசுவாசம் இல்லையா சார்?" என்று கேட்டு அழுதாள். இதே கேள்வியை என் அக்காவும் ஒருமுறை கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

1984. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அரூர் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்காவின் ஆறு வயது மகன் இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டான். அதன்பிறகு அக்கா திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. தலை வாரவில்லை, யாரோடும் பேசவில்லை. ஒரு பிரசங்கியார் வந்து, இது அவிசுவாசம் என்று சொல்லி மூன்று நாள் உபவாசம் போடச் சொன்னார். ஏற்கெனவே சாப்பிடாதவருக்கு உபவாசம்! சொந்தக்காரர்களோ, "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று காதுபடவே பேசினார்கள்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. சென்னை கீழ்ப்பாக்கத்தில் மனநோயாளிகளுக்கான அரசு விடுதி 1871-இல் திறக்கப்பட்டது. உயர்ந்த மதில், உள்ளே நோயாளி, வெளியே குடும்பம். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் அதுதான் முறை. போனவர் திரும்ப மாட்டார் என்ற பயத்தில் அந்த ஊர்ப்பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது.

அப்பா யார் பேச்சையும் கேட்கவில்லை. "வேலூருக்குப் போகலாம்" என்றார். தர்மபுரியில் பஸ் ஏறி, கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது. 1957-இல் அதைத் தொடங்கியவர் பிளாரன்ஸ் நிக்கோல்ஸ் என்ற கனடா நாட்டு அம்மையார். மிஷனரியாக வந்த மனநல மருத்துவர். அங்கே நோயாளியோடு குடும்பத்தில் ஒருவராவது தங்க வேண்டும் என்பது முறை. அதே 1950-களில் அமிர்தசரஸ் மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் என்பவர் வளாகத்தில் கூடாரம் அடித்து, நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூடவே தங்க வைத்தார். மதிலுக்கு வெளியே நின்ற குடும்பத்தை உள்ளே கூட்டி வந்தவர்கள் இவர்கள். எங்கள் அம்மாவும் அக்காவோடு தங்கினார்.

முதல் நாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பையன் பேர் என்னம்மா?" அக்கா மனசு தாங்காது என்று எங்கள் வீட்டில் நான்கு மாதமாக யாரும் அந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. அக்கா பெயரைச் சொன்னார். பிறகு வாய்விட்டு அழுதார். அடக்கம் அன்று கூட அப்படி அழவில்லை.

அப்புறம்தான் அவர் டாக்டரிடம் கேட்டார், தனக்கு விசுவாசம் இல்லையா என்று. டாக்டர், "காலு ஒடிஞ்சா கட்டுப் போட்டுக்கிட்டே ஜெபம் பண்ணுவோம் இல்லையாம்மா? இதுவும் அப்படித்தான்" என்றார்.

இதைத் தன் வாழ்க்கையிலேயே கண்டவர் ஸ்டான்லி ஜோன்ஸ். 1907-இல் லக்னோவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி. காந்தியடிகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். ஊழியத்தின் முதல் எட்டு வருடத்தில் பலமுறை மனம் நொறுங்கிப் படுத்துவிட்டார். ஓய்வுக்காக ஊருக்கு அனுப்பியும் சரியாகவில்லை. பின்பு லக்னோவில் ஜெபத்தில் இருந்தபோது விடுதலை கிடைத்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர், ஜெபம் மட்டும் போதும் என்று நிறுத்திக்கொண்டாரா? இல்லை. 1950-இல் அதே லக்னோவில் நூர் மன்சில் என்ற மனநல மருத்துவ நிலையத்தை ஏற்படுத்தினார்.

பாகாயத்திலேயே இன்னொரு சாட்சியும் உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் கொச்சியில் பிறந்தவர், சி.எம்.சி.யில் படித்தவர். 1954 ஜனவரியில் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, கால்கள் இரண்டும் செயலிழந்தன. வயது இருபத்தெட்டு, இருபத்தொன்பதுதான். இனி எதற்கு வாழ வேண்டும் என்ற இருட்டு அவருக்கும் இருந்தது. டாக்டர் பால் பிராண்ட் தைரியம் கொடுக்க, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழும்பியது. 1972-இல் பத்மஸ்ரீ பெற்றார். கால்கள் கடைசி வரை திரும்பவில்லை. நம்பிக்கை என்றால் இழந்தது திரும்பக் கிடைப்பது என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய பாடம்.

வேதத்தில் எலியா தீர்க்கதரிசியின் கதை இருக்கிறது, 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறார். தேவன் அவரைத் திட்டவில்லை, உபவாசம் இருக்கச் சொல்லவில்லை. தூங்க விட்டார். தூதன் வந்து எழுப்பிச் சாப்பிட வைத்தான், ஒருமுறை அல்ல, இரண்டு முறை. பிரசங்கம் எல்லாம் அப்புறம்தான்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொல்வதல்ல. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் கருகிப் போனார்கள். சாமி குணமாக்கும் என்று நம்பிக் குடும்பங்கள் விட்டுவிட்டுப் போனவர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதையே தடை செய்கிறது. எந்த மதமானாலும், கோயிலில் விட்டுவிட்டு வருவது பக்தி ஆகாது. கூட உட்காருவதுதான் பக்தி.

அக்கா ஐந்து வாரத்தில் வீடு திரும்பினார். இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டார். பழைய அக்கா முழுதாகத் திரும்பினார் என்று சொன்னால் பொய். மகன் இறந்த தேதி வந்தால் அன்று பேச மாட்டார். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். 2019-இல் நிம்மதியாகக் கண் மூடினார்.

போன் செய்த மகளே, உனக்கு விசுவாசம் இருக்கிறது. இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஜெபம் பண்ணு, டாக்டரையும் பார். நம் அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். துக்க வீட்டுக்குப் போனால் புத்தி சொல்லாதீர்கள். இறந்தவர் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றிக் கேளுங்கள். வரும்போது ஒரு தூக்கு நிறைய சாப்பாடு கொண்டு போங்கள்.

அன்புடன்,
உங்கள் ஐந்தாம் வகுப்பு சார்