அளவு கேட்டால் அவமானமா?

"இந்த அளவெல்லாம் வராதம்மா!" என்றார் கடைக்காரர். சொன்னதோடு நின்றாரா? சிரித்தும் வைத்தார்.

கேட்டவர், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையிலே நாளெல்லாம் நின்று உழைக்கும் ஒரு தாய். என் மாணவி ஒருத்தியைப் பெற்றவர். பெருத்த மார்பு, அதற்கேற்ற உள்ளாடை இல்லை. தோளிலே பட்டை பதிந்த தழும்பு, கழுத்திலே ஓயாத வலி. கடலூரில் தேடினார், சிதம்பரத்தில் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில், "என் உடம்புதான் தப்பு டீச்சர்" என்றார்.

உடம்பா தப்பு? தோழர்களே, பெண்ணின் மார்புத் துணிக்குப் பிறர் அளவு வகுத்த கதை பழங்கதை. வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

தென் திருவிதாங்கூர், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம். அங்கே நாடார் பெண்களும், அவர்களைப்போல் ஒடுக்கப்பட்ட பிற பெண்களும் மார்பை மறைக்கக் கூடாது! மேல்சாதியார் எதிரே திறந்த மார்போடு நிற்பதே மரியாதையாம்! யாருக்கு மரியாதை? சாதிக்கு!

கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, 1814இல் ஓர் ஆணை பிறந்தது. கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை அணியலாம்; நாயர் பெண்கள்போல் தோள்சீலை மட்டும் போடக் கூடாது. நாகர்கோவில் மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார், குறுங்கை வைத்த தளர்ந்த சட்டை ஒன்றை வடிவமைத்துத் தந்தார். பெண்கள் அதை அணிந்தனர். அதன்மேல் தோள்சீலையையும் போட்டனர்! பொறுக்குமா ஆதிக்கம்? சந்தையிலே, சாலையிலே துணியைப் பறித்தனர், கிழித்தனர். 1829இல் அரசே தோள்சீலையைத் தடுத்து ஆணையிட்டது. பெண்கள் பணியவில்லை. 1859இல் கலவரம் மூண்டது. சென்னை ஆளுநர் டிரெவெலியன் வற்புறுத்தினார். அவ்வாண்டு சூலை 26இல் மன்னர் இறங்கி வந்தார். மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் கூடாது!

துணி உண்டு, விருப்பம் இல்லை. இதுதான் அந்த ஆணையின் உட்பொருள்.

இந்த வரலாற்றைச் சொன்ன பாடப்பகுதியிலிருந்து வினா கேட்க வேண்டாமென்று 2016இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் சுற்றறிக்கை விட்டது. 2019இல் ஒன்பதாம் வகுப்பு நூலிலிருந்து அந்த அத்தியாயமே போயிற்று. பாடம் போகலாம், பட்ட பாடு போகுமா?

மன்னன் ஆணையும் கடைச் சரக்கும் ஒன்றல்ல, அறிவேன். ஆயினும், "இருப்பதை உடுத்து, கேள்வி கேட்காதே" என்னும் குரல் ஒன்றுதானே!

அறிவியல் என்ன சொல்கிறது? 1914இல் அமெரிக்காவின் மேரி பெல்ப்ஸ் ஜேக்கப் பிராவுக்குக் காப்புரிமை பெற்றார். 1930களில் மார்பளவை எழுத்துகளால் குறிக்கும் முறை வந்தது. கணக்கு எளிது. மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி ஓர் அளவு. மார்பின்மீது ஓர் அளவு. இரண்டின் வேறுபாடே கிண்ணத்தின் அளவு. ஏறத்தாழ ஓர் அங்குலத்துக்கு ஓர் எழுத்து. எடையின் பெரும்பங்கை விலாப் பட்டை தாங்க வேண்டும், தோள் பட்டை அல்ல.

அந்தத் தாயை அளந்தேன். கீழே 36 அங்குலம், மேலே 45. கடைகள் கொடுத்து வந்ததோ 42! பெரிய மார்பென்றால் பெரிய சுற்றளவு என்பது அவர்கள் கணக்கு. பட்டை தளர்ந்தது, பாரமெல்லாம் தோளில் இறங்கியது. தழும்பு வராமல் என்ன செய்யும்?

சரியான அளவை இணையக் கடையில் கண்டு வரவழைத்தோம். விலை அவருடைய இரண்டு நாள் கூலி. அணிந்து பார்த்தவர் தோளைத் தடவிக்கொண்டே, "இத்தனை வருஷமா இது தெரியாமப் போச்சே!" என்றார்.

தெரியாமல் போனதற்குக் காரணம் வெட்கம். அந்த வெட்கத்தை விதைத்தவர் யார்? தோழர்களே, உங்கள் வீட்டிலும் தாயும் தங்கையும் உண்டு. அவர்கள் கையில் அளவு நாடாவைக் கொடுங்கள். கடையிலே தலைநிமிர்ந்து அளவைச் சொல்லட்டும். இல்லையென்றால், "வரவழைத்துக் கொடு" என்று கேட்கட்டும்.

சிரித்தவர் வெட்கப்படட்டும்!