இரட்டை இயங்குதளக் கணினியில் திரைக் கோளாறுகள்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை, பெரும்பாலும் விண்டோஸையும் லினக்ஸையும், தனித்தனிப் பகிர்வுகளில் நிறுவி, கணினியை இயக்கும் வேளையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இரட்டைத் துவக்கம் எனப்படும். இப்படி அமைத்த கணினிகளில் ஒரு தளத்தில் தெளிவாக இருக்கும் திரை மற்றொன்றில் கறுத்துவிடலாம், மினுக்கலாம், வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ விடாமல் அடம்பிடிக்கலாம், இணைத்த வெளித்திரையை அடையாளம் காணாமல் போகலாம்.

இவற்றைத் தீர்க்க முனைபவருக்கு ஒரு பெரிய வசதி கையிலேயே இருக்கிறது. வன்பொருள் ஒன்றுதான்; அதை ஆளும் மென்பொருள்தான் இரண்டு. ஒரு தளத்தில் திரை ஒழுங்காக நின்றால் கேபிள், திரைத்தட்டு, கிராஃபிக்ஸ் சில்லு மூன்றும் பெரும்பாலும் நலம் என்று அப்போதே தெரிந்துவிடுகிறது. கணினியைக் கழற்றும் முன், கடைக்குத் தூக்கிச் செல்லும் முன், மற்றத் தளத்தில் ஒருமுறை துவக்கிப் பார்ப்பதே முதல் சோதனையாக இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே கோளாறு தெரிந்தால்தான் வன்பொருளை முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பினாங்கும் கிராஃபிக்ஸ் சில்லுகளும்

இந்தக் கோளாறுகளின் நடுவே நிற்கும் சில்லுகளுக்கும் மலேசியாவின் பினாங்குக்கும் அரை நூற்றாண்டு உறவு உண்டு. பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் உருவான 1972-இல் இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஒருங்கிணைப்பு ஆலையை அங்கே திறந்தது. ஏஎம்டியும் அதே ஆண்டு வந்தது. ஏஎம்டியின் பினாங்கு ஆலை 2016 முதல் சீனாவின் டோங்ஃபு மைக்ரோஎலக்ட்ரானிக்ஸுடன் சேர்ந்த கூட்டு நிறுவனமாக நடக்கிறது. 2021-இல் இன்டெல் மலேசியாவில் 30 பில்லியன் ரிங்கிட் முதலீட்டை அறிவித்தது. இன்டெலின் மேசைக்கணினிச் செயலிகள் பலவற்றின் உலோக மூடியில் ‘மலாய்’ என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருப்பார்கள். மலேசியாவில் ஒருங்கிணைக்கப்பட்டது என்பதற்கான குறி அது. 2010 முதல் இன்டெல் செயலியின் உறைக்குள்ளேயே கிராஃபிக்ஸ் பகுதியும் சேர்ந்துவிட்டது. எனவே பெருநிலத்தில், பட்டர்வொர்த்தின் பாகான் டாலாமில் ஒரு வீட்டுக் கணினியின் திரைக்குப் படம் அனுப்பும் சில்லு, நீரிணைக்கு அக்கரையிலுள்ள தீவில் உறையிடப்பட்டதாகவே இருக்கக்கூடும்.

அத்தகைய வீடுகளில் இரட்டைத் துவக்கத்துக்கு இப்போது புதிய காரணமும் வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத இன்டெல் செயலியும் இல்லாத மடிக்கணினிகள் ஏராளம். அவற்றை வைத்திருப்போர் பழைய விண்டோஸை விட மனமில்லாமல் பக்கத்திலேயே லினக்ஸையும் நிறுவிக்கொள்கிறார்கள். திரைச் சிக்கல்களில் பெரும்பங்கு நிறுவிய முதல் மாலையிலேயே தலைகாட்டுகிறது.

தமிழ்நாட்டு மடிக்கணினித் திட்டம்

தமிழ் மாணவர்கள் பெருந்திரளாக இரட்டைத் துவக்கத்தைக் கண்டது தமிழ்நாட்டில்தான். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து வழங்கிய கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கி, 2007 முதல் வெளியிட்டு வரும் இந்திய லினக்ஸ் பதிப்பு. அரசு மொத்தமாக வாங்கும்போது ஒரே மாதிரி வன்பொருளில் இரண்டு தளங்களையும் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துவிட முடியும். மாணவர் பின்னாளில் தானாகப் புதிய பதிப்பை நிறுவும்போது அந்தப் பாதுகாப்பு அவருக்கு இல்லை. சோதிக்கும் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுகிறது. அதனால்தான் கோளாறின் வழியைப் படிப்படியாகப் பின்தொடரத் தெரிந்திருப்பது அவசியமாகிறது.

திரை விழிக்கும் வரிசை

மின்விசையை அழுத்தியதிலிருந்து பயனரின் முகப்பு வரும் வரை திரை பல கைகள் மாறுகிறது. முதலில் கணினியின் ஃபர்ம்வேர், அதாவது யூஇஎஃப்ஐ, தயாரிப்பாளரின் சின்னத்தை வரைகிறது. அது அமைத்துக் கொடுத்த எளிய வரைபரப்பிலேயே கிரப் என்னும் துவக்கப் பட்டியலும் தெரிகிறது. பட்டியலில் லினக்ஸைத் தேர்ந்ததும் அதன் மைய நிரலான கர்னல் அந்த வரைபரப்பைத் தற்காலிகமாக ஏற்கிறது. அடுத்து சில்லை இயக்கும் நிரலான டிரைவர், இன்டெலுக்கு ஐ915, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு, என்விடியாவுக்கு நூவோ அல்லது நிறுவனத்தின் சொந்த டிரைவர், ஏறிச் சில்லின் முழுக் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கொண்டு தெளிவளவை (ரெசல்யூஷன்) மாற்றுகிறது. கர்னலே இதைச் செய்யும் முறை 2009-இல் லினக்ஸ் 2.6.29 பதிப்பில் இன்டெல் சில்லுகளுக்கு முதலில் வந்தது. கடைசியாக உள்நுழைவுத் திரையும் முகப்பும் வருகின்றன. எந்தக் கையில் திரை நழுவியது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தயாரிப்பாளரின் சின்னமே தெரியவில்லை என்றால் இரு இயங்குதளங்களையும் குறை சொல்ல வேண்டாம். நினைவகம், கேபிள், திரைத்தட்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சின்னம் தெரிந்து, வெளித்திரையில் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்ற அறிவிப்பு மட்டும் வந்தால், கிரப் அந்தத் திரை ஏற்காத தெளிவளவைக் கேட்கிறது என்று பொருள். சில நொடி பொறுத்தால் முதல் தேர்வு தானாகத் துவங்கும். பிறகு கிரப் அமைப்புக் கோப்பில் தெளிவளவை 1024×768 போன்ற எளிய எண்ணுக்கு மாற்றிவிடலாம். பட்டியலே வராமல் நேராக விண்டோஸ் திறந்தால் அது திரைக் கோளாறே இல்லை. ஃபர்ம்வேரில் துவக்க வரிசை மாறியிருக்கிறது, அவ்வளவுதான். 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு பல கணினிகளில் லினக்ஸ் துவங்க மறுத்துப் பாதுகாப்பு மீறல் என்ற வரியைக் காட்டி அணைந்தது. அதையும் திரைப் பழுதென்று நினைத்துக் குழம்பியவர்கள் உண்டு. உண்மையில் அது துவக்க நிரலின் பதிப்பைப் பற்றிய பாதுகாப்பு விதி.

பட்டியல் வரை எல்லாம் சரி, லினக்ஸைத் தேர்ந்த பிறகு திரை கறுத்துவிட்டது என்பதுதான் அடிக்கடி நிகழ்வது. டிரைவர் பொறுப்பேற்கும் கணத்தில் நேரும் பழுது இது. கிரப்பில் அந்தத் தேர்வின் மேல் நின்று ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ என்பதை ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் சேர்த்துத் துவக்கினால், டிரைவர் தெளிவளவை மாற்றாது; ஃபர்ம்வேர் அமைத்த பரப்பிலேயே முகப்பு வரும். உபுண்டு நிறுவல் பட்டியலில் இருக்கும் ‘சேஃப் கிராஃபிக்ஸ்’ தேர்வும் இந்த வழிதான். இதை நிரந்தரத் தீர்வாக வைத்துக்கொள்வது தவறு. படம் மெதுவாகும், வெளித்திரை வேலை செய்யாது, செயலி சூடாகும். உள்ளே நுழைந்து சரியான டிரைவரையோ சில்லுக்குரிய, விடுபட்ட ஃபர்ம்வேர் கோப்பையோ நிறுவுவதற்கான வாசல் என்ற அளவில்தான் அதற்கு மதிப்பு. நேற்றுவரை ஓடிய கணினி ஒரு புதுப்பிப்புக்குப் பின் கறுத்தால் வழி இன்னும் எளிது: கிரப்பின் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ பகுதியில் முந்தைய கர்னல் காத்திருக்கும்.

உள்நுழைவுத் திரை வந்து, கடவுச்சொல் தந்தபின் கறுத்தால் கர்னலும் டிரைவரும் ஓரளவு வேலை செய்கின்றன என்று அறியலாம். உள்நுழைவுத் திரையின் மூலையில் உள்ள பற்சக்கரக் குறியில் வேய்லாண்ட், எக்ஸ் என இரு அமர்வு வகைகள் இருந்தால் மாற்றிப் பார்க்க வேண்டும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் எழுத்து முனையம் கிடைக்கும். முந்தைய துவக்கத்தின் பதிவுகளை அங்கிருந்தே படிக்கலாம்.

என்விடியாவும் செக்யூர் பூட்டும்

என்விடியா 2010-இல் ஆப்டிமஸ் முறையை அறிமுகப்படுத்தியது. மடிக்கணினியில் மின்சாரம் சிக்கனமாகும் இன்டெல் கிராஃபிக்ஸும் வேகமான என்விடியா சில்லும் சேர்ந்திருக்கும், வேலைக்கேற்ப மாறிக்கொள்ளும். விண்டோஸில் இது பயனர் அறியாமலே நடந்தது. லினக்ஸில் பல ஆண்டுகள் பெரும் அல்லலாக இருந்தது. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை மேடையிலேயே கடுமையாகச் சாடியது இந்தச் சூழலில்தான். திறந்த மூல டிரைவரான நூவோ, சில்லை வெளியிலிருந்து ஆராய்ந்து எழுதப்பட்டது. 2014-க்குப் பிந்தைய பல சில்லுகள் நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் முழு வேகத்துக்கு வராதபடி அமைந்ததால் நூவோ மேலும் பின்தங்கியது. 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் பகுதிகளின் மூலத்தைத் திறந்த பிறகு நிலைமை கண்ணுக்குத் தெரியும்படி மாறியிருக்கிறது.

நிறுவனத்தின் டிரைவரை முறையாக நிறுவியும் திரை மங்கலான, குறைந்த தெளிவிலேயே நின்றால் செக்யூர் பூட் என்னும் ஃபர்ம்வேர் பாதுகாப்பு வசதியைப் பார்க்க வேண்டும். கையொப்பம் இல்லாத கர்னல் பகுதியை அது ஏற்ற மறுக்கும். உபுண்டு போன்றவை டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லைக் கேட்பது இதற்காகத்தான். மறுதுவக்கத்தில் வரும் நீலத் திரையில் ‘என்ரோல் எம்ஓகே’ என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைத் தந்தால் கணினி அந்தக் கையொப்பத்தை நம்பத் தொடங்கும். அந்த நீலத் திரையைக் கண்டு பயந்து பலர் ‘கன்டினியூ பூட்’ அழுத்திவிடுகிறார்கள். டிரைவர் நிறுவியும் வேலை செய்யாததற்கு அதுவே காரணமாகிறது. செக்யூர் பூட்டையே அணைத்துவிடுவது குறுக்குவழி. ஆனால் விண்டோஸ் பகிர்வு பிட்லாக்கர் என்னும் வட்டுக் குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருந்தால், இந்த மாற்றத்துக்குப் பின் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். சாவியை எழுதி வைக்காமல் ஃபர்ம்வேர் அமைப்பைத் தொடக் கூடாது.

வேகத் துவக்கமும் வெளிச்ச விசையும்

விண்டோஸ் 8 முதல் உள்ள வேகத் துவக்க வசதி, ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கணினியை முழுதாக நிறுத்தாமல் கர்னல் நிலையை வட்டில் உறங்க வைக்கிறது. எல்லாத் தொல்லைக்கும் இதைக் காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. இதன் பெருங்கேடு விண்டோஸ் வட்டை லினக்ஸ் எழுத முடியாமல் பூட்டுவது. திரையைப் பொறுத்தவரை பங்கு சிறியது. எனினும் இரட்டைத் துவக்கக் கணினியில் இதை அணைத்து வைப்பதே நல்லது. ‘ரீஸ்டார்ட்’ தேர்வு இவ்வசதியைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் மறுதுவக்கத்தில் மின்சாரம் அறுபடாததால், ஒரு தளம் சில்லை விட்டுச்சென்ற நிலை மற்றதற்குத் தொல்லையாகலாம். முழுதாக அணைத்து, சில நொடி கழித்து இயக்கினால் திரை சரியாகிறதென்றால் காரணம் இதுதான்.

வெளிச்ச விசைகள் லினக்ஸில் வேலை செய்யாததன் வேர் ஃபர்ம்வேரில் இருக்கிறது. கணினியின் ஃபர்ம்வேர் தன்னை இயக்கும் தளம் எது என்று கேட்டு, பதிலுக்கேற்ப நடந்துகொள்கிறது. தயாரிப்பாளர்கள் விண்டோஸில் மட்டுமே சோதிப்பதால், லினக்ஸ் கர்னல் தன்னை விண்டோஸ் பதிப்புகளோடு ஒத்துப்போவதாகவே அறிவிக்கிறது. விண்டோஸ் 8 வெளிச்சத்தை டிரைவரே நேரடியாக ஆளும் முறைக்கு மாறியபோது, அந்த அறிவிப்பை நம்பிய ஃபர்ம்வேர்கள் பழைய வழியைக் கைவிட்டன. ‘ஏசிபிஐ_பேக்லைட்’ என்ற கர்னல் அளபுருவுக்கு ‘நேட்டிவ்’, ‘வெண்டர்’, ‘வீடியோ’ என்ற மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தந்து பார்ப்பதே வழி. இன்டெல் மடிக்கணினியில் திரை அசையாதபோது மட்டும் மினுக்கினால், மின்சாரச் சிக்கனத்துக்கான பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் வசதியை ஐ915 டிரைவரில் அணைக்கலாம்.

வெளித்திரை

ஒவ்வொரு திரையும் தன் தெளிவளவுகளை 128 பைட்டில் தொடங்கும் இடிஐடி என்ற தரவாகக் கணினிக்குச் சொல்கிறது. 1994 முதல் உள்ள நடைமுறை இது. மலிவான விஜிஏ கேபிளில் இத்தரவுக்கான ஊசிகள் விடுபட்டிருந்தாலோ, இடையில் செருகிய மாற்றிக் கருவி (அடாப்டர்) அதை மறைத்தாலோ லினக்ஸ் 1024×768-இல் நின்றுவிடும். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். கர்னல் வரியில் ‘வீடியோ’ அளபுருவைச் சேர்ப்பது அதற்குப் பிறகுதான். எச்டிஎம்ஐ வழியே நிறங்கள் வெளிறிக் கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், கணினி 0–255 அளவை விட்டுத் தொலைக்காட்சிக்குரிய 16–235 அளவில் அனுப்புகிறது. இரு தளங்களிலும் இந்த அமைப்பைத் தனித்தனியே சரிசெய்ய வேண்டும்.

விண்டோஸ் பக்கத்தில் கோளாறுகள் குறைவு. திரை உறைந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி விசைகள் சேர்ந்து கிராஃபிக்ஸ் டிரைவரை மீளத் துவக்கும்.

தமிழ் எழுத்து

ஒரே ஆவணம் இரு தளங்களில் இரு விதமாகத் தெரிவது தமிழ்ப் பயனருக்கே உரிய திரைச் சிக்கல். விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துரு வந்தது. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ முன்னிற்கிறது. விண்டோஸ் 10-இல் லதா தனியே சேர்க்க வேண்டிய கூடுதல் எழுத்துருவாகிவிட்டது. லினக்ஸில் லோகித் தமிழோ நோட்டோ சான்ஸ் தமிழோ இருக்கும். எழுத்தின் அகலம் வேறுபடுவதால் வரிகள் உடைந்து பக்க எண்ணிக்கை மாறும். நோட்டோவை இரண்டு தளங்களிலும் நிறுவி, லிப்ரே ஆபீஸில் அதையே பயன்படுத்தினால் இது தீரும். அந்தச் செயலி 2017-இல் வந்த 5.3 பதிப்பு முதல் எல்லாத் தளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே எழுத்துக்கோப்பு நிரலைப் பயன்படுத்துகிறது.

பழைய கோப்புகளின் கதை வேறு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் உருவாக்கிய முரசு மென்பொருள் தொடங்கி, 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டாப் குறியாக்கங்கள் வரை, யூனிகோடுக்கு முந்தைய காலத்துக் கோப்புகள் உரிய எழுத்துரு இல்லாத தளத்தில் பொருளற்ற இலத்தீன் குறிகளாகத் தெரியும். கிராஃபிக்ஸ் டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் அவை திருந்தா. குறியாக்க மாற்றி மென்பொருள் கொண்டு யூனிகோடாக்கிச் சேமித்தால் இரு தளங்களிலும் படிக்கலாம்.