சீண்டும் கலையும் எதிர்க்கும் அரசியலும்: பேர்லின் டாடா இயக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கலைஞன் அதிகாரத்தைச் சீண்டுவது வரலாற்றில் புதியதொன்றன்று. ஆயின் சீண்டலைத் தன் முதன்மையான கலைமுறையாகக் கொண்ட இயக்கங்கள் முதலாளித்துவ சமூகம் தன் நெருக்கடியின் உச்சத்தை எய்திய காலப்பகுதிகளிலேயே தோன்றியுள்ளன. இத்தகைய கலையை மதிப்பிடுவதில் இரு எதிரெதிரான தவறுகள் நேர்வதுண்டு. கலைஞனது தனிமனித வெளிப்பாடாக மட்டும் அதனைக் கொண்டு, அதன் அரசியலை ஒரு தற்செயல் நிகழ்வாகத் தள்ளிவிடுவது ஒன்று. தனிமனித வெளிப்பாடு என்பதனாலேயே அதனைக் குட்டி பூர்ஷ்வா வக்கிரம் எனப் பெயரிட்டு ஒதுக்கிவிடுவது மற்றையது. முன்னையது பூர்ஷ்வா விமர்சகரின் தவறு. பின்னையது நம்மவர் தவறு. 1918க்கும் 1933க்கும் இடையில் பேர்லின் நகரில் இயங்கிய டாடாக் கலைஞரின் வரலாறு இவ்விரு தவறுகளையும் ஒருங்கே விளக்கவல்லது. அதனாலேயே அதனை இங்கு ஆராய முற்படுகின்றோம்.

1. போர் ஈன்ற கலை

டாடா இயக்கம் 1916இல் நடுநிலை நாடான சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், போரிலிருந்து ஒதுங்கிய கலைஞரிடையே தோன்றியது. அங்கு அது பெரும்பாலும் மொழியையும் அழகியலையும் நோக்கிய கலகமாகவே இருந்தது. அதே இயக்கம் பேர்லினுக்கு வந்தபோது முற்றிலும் வேறான சமூகச் சூழலைச் சந்தித்தது. பட்டினி, வேலைநிறுத்தங்கள், போர்முனையிலிருந்து ஊனமுற்றுத் திரும்பிய இளைஞர், 1918 நவம்பரில் மன்னராட்சியின் வீழ்ச்சி, 1919 ஜனவரி எழுச்சி, அதனை நசுக்கிய சமூக ஜனநாயக அரசு, ஜனவரி 15இல் றோசா லக்சம்பேர்க், கார்ல் லீப்னெக்ட் ஆகியோரின் படுகொலை என்பனவே அச்சூழல். ஒரே பெயர் கொண்ட இயக்கம் இரு நகரங்களில் இரு வேறு இயல்புகளைப் பெற்றமைக்கு இதனின் மேலான விளக்கம் வேண்டியதில்லை.

இவ்வியக்கத்தின் முதன்மையான கலைஞர் இருவரது வாழ்வு நோக்கத்தக்கது. 1893இல் பிறந்த ஜோர்ஜ் குறோஸ் 1914இல் தாமாகவே படையிற் சேர்ந்தவர்; மனமுறிவுற்றவராகப் படையிலிருந்து வெளியேறினார். 1891இல் பிறந்த ஹெல்முட் ஹெர்ஸ்ஃபெல்ட், இங்கிலாந்துக்கு எதிரான வெறிப் பிரசாரம் உச்சத்திலிருந்த போர்க்காலத்தில், தம் பெயரை ஜோன் ஹார்ட்ஃபீல்ட் என ஆங்கிலமாக்கிக் கொண்டார். குறோஸும் தம் பெயரின் எழுத்தமைப்பை மாற்றிக்கொண்டார். ஒரு மனிதன் தன் பெயரையே எதிரி நாட்டு மொழியில் எழுதிக்கொள்வது வெளித்தோற்றத்தில் தனிப்பட்டதொரு செயலே. ஆயின் தேசியவெறி ஒவ்வொருவரது நாவையும் தன்வசப்படுத்திய வேளையில், அவரவர் பெயரே போராட்டக் களமாகிவிடுகின்றது. தன்வெளிப்பாடும் அரசியல் எதிர்ப்பும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தற்கு அரியனவாகும் கணம் இதுவே.

ஹார்ட்ஃபீல்டின் தம்பி வீலண்ட் ஹெர்ஸ்ஃபெல்ட 1917இல் மாலிக் பதிப்பகத்தை நிறுவினார். ஜேர்மன் கம்யூனிஸ்ட் கட்சி 1918ஆம் ஆண்டின் இறுதி நாட்களில் உருவானபோது இம்மூவரும் அதிற் சேர்ந்தனர். 1919 பெப்ரவரியில் இவர்கள் வெளியிட்ட 'ஒவ்வொருவரும் தமக்குத் தாமே பந்து' என்ற பொருள்படும் பெயர்கொண்ட ஏடு ஒரே இதழுடன் தடைசெய்யப்பட்டது. அரசுத் தலைவர்களின் முகங்களை ஒரு விசிறியின் மடிப்புகளிலே பதித்து, இவர்களுள் அழகர் யாவர் எனக் கேட்கும் படம் அதன் முகப்பிலே இருந்தது. அடுத்த மாதம் ஹெர்ஸ்ஃபெல்ட சிறையிலிடப்பட்டார். கொலையுண்ட தலைவர்களின் குருதி உலராத வேளையில் இச்சிரிப்பு வெறும் விளையாட்டன்று என்பதை அரசு நன்கு உணர்ந்திருந்தது.

2. கண்காட்சியும் நீதிமன்றமும்

1920 ஜூன் இறுதியில் பேர்லினில் முதலாவது சர்வதேச டாடாக் கண்காட்சி தொடங்கியது. ஹார்ட்ஃபீல்டும் ருடோல்ஃப் ஷ்லிக்டரும் செய்த உருவமொன்று கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டிருந்தது. ஜேர்மன் இராணுவச் சீருடை அணிந்த அப்பொம்மைக்குப் பன்றியின் முகம் பொருத்தப்பட்டிருந்தது. பிரஷ்யத் தேவதூதன் என்பது அதன் பெயர். குறோஸின் 'கடவுள் எம்மோடு' எனும் ஒன்பது கல்லச்சுப் படங்களின் தொகுதியும் அங்கு வைக்கப்பட்டது. ஜேர்மன் சிப்பாயின் இடுப்புப்பட்டியில் பொறிக்கப்பட்டிருந்த வாசகமே அத்தொகுதியின் தலைப்பு. அதிலுள்ள படமொன்றில், அழுகிய எலும்புக்கூடு ஒன்றினைப் பரிசோதிக்கும் இராணுவ வைத்தியர் அது போர்ச்சேவைக்குத் தகுதியானது எனச் சான்றளிக்கின்றார்.

இத்தொகுதியின் பிரதிகள் 125 மட்டுமே. எனினும் இராணுவத்தை அவமதித்த குற்றத்துக்காக ஐவர் 1921 ஏப்ரலில் நீதிமன்றில் நிறுத்தப்பட்டனர். மூவர் விடுவிக்கப்பட்டனர். குறோஸுக்கு 300 மார்க்கும் ஹெர்ஸ்ஃபெல்டவுக்கு 600 மார்க்கும் தண்டம் விதிக்கப்பட்டன. தண்டம் சிறிதே; எனினும் வழக்கின் போக்கு ஆழ்ந்த கவனத்துக்குரியது. எதிர்த்தரப்பு வழக்குரை பெரும்பாலும், இவையெல்லாம் வேடிக்கைக்காகச் செய்யப்பட்டவை என்ற வாதத்தையே சார்ந்திருந்தது. இடதுசாரி எழுத்தாளர் குர்ட் டுக்கொல்ஸ்கி இவ்வழக்கைப் பற்றி எழுதியபோது, குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் ஹெர்ஸ்ஃபெல்ட ஒருவரே நிமிர்ந்து நின்றார் என்ற கருத்துப்பட ஏனையோரைக் கடிந்தார்.

சீண்டும் கலையின் உள்முரண்பாடு இங்கு வெளிப்படுகின்றது. அதன் கருவி நகை. தணிக்கையையும் தண்டனையையும் கடந்து உண்மையைச் சொல்ல நகை இடந்தருகின்றது. அதே நகை, நெருக்கடி வரும்போது, சொன்னதிலிருந்து பின்வாங்கவும் இடந்தருகின்றது. கலகக்காரன் தன் கலகத்துக்குத் தானே பொறுப்பேற்கும்போதே அவனது சீண்டல் அரசியல் எதிர்ப்பாக முழுமை பெறுகின்றது. குறோஸ் இதனைப் பின்னர் உணர்ந்தார் எனலாம். 1928இல் எர்வின் பிஸ்காட்டர் மேடையேற்றிய 'ஷ்வெய்க்' நாடகத்துக்காக வரைந்த படங்களுள் ஒன்று, சிலுவையில் அறையுண்ட கிறிஸ்துவை நச்சுவாயு முகமூடியுடன் காட்டியது. அதற்காகத் தெய்வநிந்தனைக் குற்றம் சுமத்தப்பட்டபோது அவர் படத்தின் போரெதிர்ப்பு நோக்கத்தை மறைக்காது விளக்கினார். 1928 டிசம்பரில் 2000 மார்க் தண்டம் விதிக்கப்பட்டது. 1929இல் விடுதலை கிடைத்தது. எனினும் மேன்முறையீடுகளால் வழக்கு 1931 வரை இழுபட்டது.

3. கட்சி விமர்சனமும் மரபு பற்றிய வினாவும்

1920 மார்ச்சில் வலதுசாரிகளின் காப் சதிப்புரட்சியை எதிர்த்துத் தொழிலாளர் பொதுவேலைநிறுத்தத்தில் இறங்கினர். டிரெஸ்டன் நகரில் நிகழ்ந்த மோதலில் தொழிலாளர் பலர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவ்வேளை குண்டொன்று கலைக்கூடத்தினுள் பாய்ந்து ரூபென்சின் ஓவியமொன்றைச் சேதப்படுத்தியது. அந்நகர்க் கலைக்கழகப் பேராசிரியரான ஓவியர் ஒஸ்கார் கொக்கொஷ்கா, சண்டையிடுவோர் கலைச்செல்வங்களுக்கு ஊறு நேராத வேறிடத்தில் அதனை வைத்துக்கொள்ளுமாறு பகிரங்க வேண்டுகோள் விடுத்தார். குறோஸும் ஹார்ட்ஃபீல்டும் வெகுண்டெழுந்து மறுப்பெழுதினர். ஏழைகளின் வீடுகளிற் பாய்வதிலும் பார்க்கக் குண்டுகள் கலைக்கூடங்களிற் பாய்வதே மேல் என்பது அவர்களது வாதத்தின் சாரம்.

இதற்குக் கண்டனம் எழுந்தது பூர்ஷ்வாப் பத்திரிகைகளில் மட்டுமன்று. கம்யூனிஸ்ட் கட்சியின் நாளேடான 'செங்கொடி'யிலேயே அதன் கலை விமர்சகர் கேர்ட்ரூட் அலெக்சாண்டர் அவர்களை மறுத்தார். கடந்தகாலப் பண்பாட்டின் உயர்ந்த படைப்புகள் பாட்டாளி வர்க்கத்துக்கு உரிய மரபுச் செல்வங்கள். அவற்றை அழிக்க முனைவது புரட்சியன்று என்பது அவர் நிலைப்பாடு. டாடாக் கண்காட்சியையும் அவர் கடுமையாகத் தாக்கினார்.

இவ்விவாதத்தில் யார் பக்கம் நியாயம்? மரபு பற்றிய கோட்பாட்டளவில் அலெக்சாண்டரின் கூற்றை மறுப்பதற்கில்லை. கண்காட்சி நடைபெற்ற இடத்தையும் நாம் மறத்தலாகாது. அது தொழிலாளர் குடியிருப்பிலன்று, வணிகக் கலைக்கூடமொன்றில் நுழைவுக் கட்டணத்துடன் நடைபெற்றது. தன்னை ஏளனம் செய்வதையும் விலைக்கு வாங்கி மகிழும் ஆற்றல் பூர்ஷ்வா வர்க்கத்துக்கு உண்டு.

ஆயினும் அவரது விமர்சனம் ஒரு முக்கிய உண்மையைக் காணத் தவறியது. கொக்கொஷ்காவின் வேண்டுகோளில் ஓவியத்தின் காயத்துக்குக் கிடைத்த இடம், தெருவில் விழுந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை. மரபு நடுநிலையான களஞ்சியம் அன்று; எவரது உயிரின் விலையில் அது பேணப்படுகின்றது என்ற வினா அதனோடு என்றும் ஒட்டியே வருகின்றது. குறோஸும் ஹார்ட்ஃபீல்டும் தவறான விடையைக் கூறியிருக்கலாம். ஆயின் அவர்கள் எழுப்பிய வினா சரியானது. வினாவையும் விடையையும் பிரித்தறிய மாட்டாத விமர்சனம், எத்துணை முற்போக்கானதாயினும், இயங்கியல் விமர்சனம் ஆகாது.

4. கலகத்துள் ஒரு கலகம்

டாடாக் கலைஞரின் கலகத்துக்கும் எல்லைகள் இருந்தன. ஹன்னா ஹோக் என்ற பெண் கலைஞர் அதே கண்காட்சியிற் பங்குகொள்வதைக் குறோஸும் ஹார்ட்ஃபீல்டும் விரும்பவில்லை. ராவுல் ஹவுஸ்மன் தாமும் விலகுவதாக எச்சரித்த பின்னரே அவருக்கு இடம் கிடைத்தது. இயக்கத்தின் தோழரான ஹான்ஸ் ரிக்டர் பிற்காலத்தில் எழுதிய நினைவுகளில், அவர் தோழர்களுக்கு உணவும் கோப்பியும் ஏற்பாடு செய்தமையே முனைப்பாக இடம்பெற்றது.

ஹோக் பெரும் பத்திரிகை நிறுவனமொன்றில் தையல், பின்னல் வேலைகளுக்கான மாதிரிகளை வரைந்து ஊதியம் பெற்றவர். அத்தொழில் அவருக்குக் கத்தரிக்கோலையும் படப்பத்திரிகைகளையும் தந்தது. கண்காட்சியில் வைக்கப்பட்ட அவரது பெரிய புகைப்பட ஒட்டோவியத்தின் நீண்ட தலைப்பு சமையலறைக் கத்தியைச் சுட்டுகின்றது. வெய்மார் ஜேர்மனியின் பருத்த வயிற்றை அறுக்கும் ஆயுதம் அது. மன்னன், தளபதிகள், அமைச்சர் ஆகியோரின் தலைகள் நடனமாதரின் உடல்களிலும் பொறிச்சக்கரங்களிடையிலும் சிதறிக் கிடக்கின்றன. கீழ் மூலையில், ஐரோப்பாவிற் பெண்களுக்கு வாக்குரிமை உள்ள நாடுகளைக் காட்டும் சிறு வரைபடமும், அதனருகே ஹோக்கின் சிறிய முகமும் உள்ளன. ஜேர்மன் பெண்கள் முதன்முறை தேசியத் தேர்தலில் வாக்களித்தது 1919 ஜனவரியில். கூச்சல் மிகுந்த அக்கண்காட்சியில், தன் கையொப்பத்தைப் போல மூலையில் ஒதுங்கி நிற்கும் அம்முகத்திலே தன்வெளிப்பாடும் அரசியலும் மிகச் செறிவாக இணைந்துள்ளன என்பது நமது கருத்து. அதிகாரத்தைச் சீண்டியவர்களே தம் நடுவிலிருந்த அதிகாரத்தைக் காணாதிருந்தனர்; காணாதவர்களுக்கும் சேர்த்தே அவர் காட்டினார்.

5. சீண்டலிலிருந்து போராட்டத்துக்கு

1920க்குப் பின் டாடா ஓர் இயக்கமாக நிலைக்கவில்லை. குறோஸ் 1922இல் சோவியத் ருஷ்யாவுக்குச் சென்று ஏமாற்றத்துடன் மீண்டார். 1933 ஜனவரியில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். ஹார்ட்ஃபீல்டின் பாதை வேறு. டாடாவிற் கற்ற ஒட்டோவிய முறையை அவர் 1930 முதல் தொழிலாளர் படப்பத்திரிகையான 'ஏ.ஐ.இசட்.'இல் தொடர்ந்து கையாண்டார். 125 பிரதிகளிலிருந்து இலட்சக்கணக்கான பிரதிகளுக்குச் சென்ற இம்மாற்றம் அளவு பற்றியது மட்டுமன்று, பண்பு பற்றியதுமாகும். 1932 அக்டோபரில் வெளியான படத்தில், ஹிட்லர் வணக்கத்துக்காகப் பின்னோக்கி மடித்த கையில், பின்னால் நிற்கும் பேருருவக் கனவான் பணநோட்டுகளை வைக்கின்றார். கோடிகள் தம் பின்னால் நிற்பதாக ஹிட்லர் கூறியது, பணக் கோடிகளைச் சுட்டுவதாகப் பொருள் மாறிவிடுகின்றது. இங்கு அதிர்ச்சி அதிர்ச்சிக்காக அன்று. பார்வையாளரை அது ஓர் அரசியற் பொருளாதார உண்மைக்கு இட்டுச் செல்கின்றது.

1933 ஏப்ரலில் நாஜிப்படையினர் தேடிவந்தபோது ஹார்ட்ஃபீல்ட் தப்பி, மலை கடந்து பிராக் நகரை அடைந்தார். 1934இல் அந்நகரிலே நிகழ்ந்த கேலிச்சித்திரக் கண்காட்சியிலிருந்த அவரது படங்களுக்கு எதிராக ஜேர்மன் தூதரகம் முறையிட்டது. சில படங்கள் அகற்றப்பட்டன. 1937இல் மியூனிக்கில் நாஜிகள் நடத்திய 'சீரழிந்த கலை'க் கண்காட்சியில் டாடாவுக்கெனச் சுவர் ஒதுக்கப்பட்டது. படங்களைக் கோணலாகத் தொங்கவிடுதல், சுவரெல்லாம் வாசகங்கள் எழுதுதல் ஆகிய டாடாவின் உத்திகளையே நாஜிகள் டாடாவை ஏளனம் செய்யப் பயன்படுத்தினர். சீண்டல் என்ற வடிவம் தன்னளவில் முற்போக்கானதும் அன்று, பிற்போக்கானதும் அன்று என்பதற்கு இதனிலும் கசப்பான சான்று இல்லை. பன்றிமுகப் பொம்மை ஆயுதமேந்திய அதிகாரத்தை நோக்கிச் சிரித்தது. 1937இன் சுவர் நாடுகடத்தப்பட்டோரை நோக்கிச் சிரித்தது. சிரிப்பின் திசையே அதன் அரசியலைத் தீர்மானிக்கின்றது.

கதை இதனோடு முடியவில்லை. 1950இல் கிழக்கு ஜேர்மனிக்குத் திரும்பிய ஹார்ட்ஃபீல்ட், மேற்கு நாட்டில் அகதியாக வாழ்ந்தமையால் ஐயத்துக்கு உள்ளானார். பிரெக்ட் முதலியோர் குரல்கொடுத்த போதும் 1956இலேயே கலைக்கழகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. தன் எதிரியை எள்ளிய கலைஞனைப் போற்றிய தரப்பே, அதிகாரத்துக்கு வந்தபின் அவனை ஐயத்துடன் நோக்கியமை நாம் மூடிமறைக்கத்தக்க செய்தியன்று.

ஈழத்துத் தமிழ் விமர்சனத்திலும் 1960களில் உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதங்கள் சூடாக நிகழ்ந்தன. அவற்றின் வாரிசுகளாகிய நாம் பேர்லின் அனுபவத்திலிருந்து பெறத்தக்கது ஒன்றுண்டு. கலகக் கலையை மதிப்பிடும்போது அது நாகரிகமானதா, நமக்கு உவப்பானதா என்பன முதல் வினாக்கள் ஆகா. அது யாரை நோக்கிச் சிரிக்கின்றது, யாரோடு சேர்ந்து சிரிக்கின்றது, சிரித்தமைக்குப் பொறுப்பேற்கின்றதா என்பனவே கேட்கவேண்டியவை. அவ்வினாக்களை நம் எதிரிகளின் கலையிடம் கேட்கும் அதே கண்டிப்புடன் நம் தோழர்களின் கலையிடமும், விமர்சகராகிய நம்மிடமும் கேட்கும் நேர்மை வாய்க்குமாயின், முற்போக்கு விமர்சனம் தன் பெயருக்கு உரியதாகும்.