தலைமையிடம் தேடி வந்த கம்பெனி

பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் முதலில் தலைமையிடமாகக் கொண்ட ஊர் சூரத். 1668-இல் அங்கே பண்டகசாலை அமைத்தது. முகலாயப் பேரரசின் பெரிய துறைமுகமாக இருந்தும் சூரத் கம்பெனிக்கு ஒத்துவரவில்லை. உள்ளூர் வணிகர்களிடம் வாங்கிய கடன் ஏறிக்கொண்டே போனது.

அதற்குள் கிழக்குக் கரையில் வேறொரு வாசல் திறந்தது. வாலிகண்டபுரத்திலிருந்து பீஜப்பூர் சுல்தானுக்காக ஆண்ட ஷேர்கான் லோடி, கரையில் வலுத்து வந்த டச்சுக்காரர்களுக்கு எதிர் எடையாகப் பிரெஞ்சுக்காரர்களை விரும்பினார். 1673-இல் புதுச்சேரியில் இடம் கொடுத்தார். மறு ஆண்டு பிரான்சுவா மர்த்தேன் அங்கே பொறுப்பேற்றார்.

துறைமுகம் என்று பார்த்தால் புதுச்சேரிக்குத் தனிச்சிறப்பு எதுவும் இல்லை. கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் தொலைவிலேயே நங்கூரமிட்டன. ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய சலங்கு என்ற படகுகளே துணிப் பொதிகளை ஏற்றிக்கொண்டு அலை உடையும் இடத்தைக் கடந்தன. சுற்றுவட்டார நெசவும் சாயத் தொழிலும் கம்பெனியை ஈர்த்தன என்பது உண்மை. ஆனால் அந்த வசதி சோழமண்டலக் கரையில் பல ஊர்களுக்கும் உண்டு. புதுச்சேரியைத் தேர்ந்தது உள்ளூர் அரசியலே.

அந்த அரசியலின் திறவுகோல் செஞ்சி. செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணி ஆறு செல்லிப்பட்டு, வில்லியனூர் வழியாகக் கடலுக்கு வருகிறது. செஞ்சிக் கோட்டையைப் பிடித்தவரின் சொல்லும் அதே வழியில் கடற்கரை வரை சென்றது. 1677-இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்து, ஷேர்கானையும் தோற்கடித்தபோது, மர்த்தேன் தூது அனுப்பி, புதுச்சேரியில் நீடிக்க அனுமதி பெற்றார். 1693-இல் நிலைமை மாறியது. செஞ்சியில் இருந்த சிவாஜியின் மகன் ராஜாராமின் இசைவோடு டச்சுக்காரர்கள் புதுச்சேரியைக் கைப்பற்றினர். ஐரோப்பாவில் 1697-இல் கையெழுத்தான ரிஸ்விக் உடன்படிக்கையால்தான் அது 1699-இல் மர்த்தேனிடம் திரும்பியது. 1701-இல் கம்பெனியின் இந்தியத் தலைமையிடம் சூரத்திலிருந்து இங்கே மாறியது.

தலைமையிடத்துக்குச் சோறும் வரிப்பணமும் வேண்டியிருந்தன. 1749-இல் கர்நாடக நவாப் பதவிக்கான போட்டியில் சந்தா சாகிப் பக்கம் நின்றதற்குக் கைம்மாறாக வில்லியனூர், பாகூர் பகுதிகள் கம்பெனிக்குக் கிடைத்தன. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினர். 1769-இல் கம்பெனி வணிக உரிமையையும் இழந்தது. 1783-ஆம் ஆண்டு வெர்சாய் உடன்படிக்கை, புதுச்சேரியின் துணைப் பகுதிகளாக வில்லியனூரையும் பாகூரையும் பெயர் சொல்லி பிரான்சுக்கு உறுதி செய்தது.